தூக்கிட்டாங்களா, இடம் மாத்திட்டாங்களா?

"அரசாங்க வெப்சைட்ல இருந்து அதையே தூக்கிட்டாங்க!" உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் இப்படி ஒன்று வந்திருக்கும். கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் 404 என்ற எண் மட்டும் தெரியும், மேலே இருக்க வேண்டிய முகவரியை யாரோ வெட்டியிருப்பார்கள். முகவரி இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

2025 ஆகஸ்டில் எங்கள் குரூப்புக்கு வந்தது கொஞ்சம் கனமான செய்தி. அமெரிக்க அரசியல் சாசனத்திலிருந்து ஆட்கொணர்வு உரிமையை நீக்கிவிட்டார்களாம். காவலில் இருப்பவர், 'என்னை ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள்' என்று நீதிபதி மூலம் கேட்க வைக்கும் உரிமை அது. க்ரீன் கார்டுக்குக் காத்திருக்கும் குடும்பங்களில் அன்றைக்கு யார் தூங்கியிருப்பார்கள்? என் மகளும் கேட்டாள், "அப்பா, இது நிஜமா?"

ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் முகவரியைப் போட்டால் ஒரு காலண்டர் வரும். பக்கம் சேமிக்கப்பட்ட தேதிகளில் வட்டம் இருக்கும். நீலம் என்றால் பக்கம் ஒழுங்காக இருந்தது, பச்சை என்றால் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டார்கள், ஆரஞ்சு என்றால் அன்றைக்கு அது கிடைக்கவில்லை. பாதிப் பதட்டம் பச்சையிலேயே தீர்ந்துவிடும்: பக்கம் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் இந்தத் தடவை பக்கம் இருந்தது, உள்ளே சில வரிகள்தான் இல்லை. அதற்கு வட்டத்தின் நிறம் உதவாது, பழைய பிரதியையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கணும்.

படித்தால், செய்தி உண்மைதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சாசன விளக்கத் தளத்தில், முதல் ஷரத்தின் 8-ஆம் பிரிவில் ஒரு பகுதியும், 9, 10-ஆம் பிரிவுகளும் காணவில்லை. ஆட்கொணர்வு இருப்பது 9-இல். கோடிங் பிழை என்று நூலகம் சொன்னது, சீக்கிரமே சரிசெய்தும் விட்டது. எழுத்து காணாமல் போனதை வேபேக் காட்டும். யார் எடுத்தார்கள், ஏன் என்பதைக் காட்டாது. அதோடு, வெப்சைட்டில் வரி போனால் சட்டம் போய்விடாது. மூலச் சாசனம் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் அப்படியே இருக்கிறது. மகளுக்கு முதலில் சொன்னது அதைத்தான்.

இதைக் கேட்டுவிட்டு "எல்லாமே வதந்தி" என்று கிளம்புகிற மாமாக்களும் உண்டு. அதுவும் சோம்பேறித்தனம்தான். 2025 ஜனவரி 31 அன்று சிடிசி தளத்தில் பதின்வயதுப் பிள்ளைகளின் உடல்நலம், எச்ஐவி பற்றிய பக்கங்கள் நிஜமாகவே எடுக்கப்பட்டன, அதிபரின் உத்தரவை ஒட்டி. மருத்துவர்கள் வழக்குப் போட்டார்கள். பிப்ரவரி 11 அன்று நீதிபதி ஜான் பேட்ஸ் பக்கங்களைத் திரும்பப் போடச் சொன்னார். பிள்ளைகளுக்கு மருந்து எழுதும் டாக்டர்கள் பார்க்கிற பக்கங்கள் இவை.

வெள்ளை மாளிகைத் தளம் தனிக் கதை. அதிபர் மாறும் நாளில் தளம் முழுசாகவே மாறும், பழையது ஆவணக் காப்பகத்துக்குப் போகும். பைடன் காலத்துத் தளத்தை இன்றும் அங்கே படிக்கலாம். ஆகவே ஜனவரி 20 அன்று ஒரு பழைய லிங்க் 404 காட்டினால் அது மட்டும் சதிக்கு அத்தாட்சி ஆகாது. ஆனால் ஸ்பானிஷ் மொழிப் பக்கம் 2017-லும் 2025-லும் போனது, புதுத் தளத்தில் அதற்கு இடமே தராததால்.

எங்க அப்பா அரசாங்கக் கடிதம் ஒவ்வொன்றையும் ஃபைல் போட்டு அலமாரியில் பூட்டி வைத்தவர். நாம் லிங்கை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கிறோம். தடுப்பூசி அட்டவணையோ, விசா விதியோ, உங்களுக்கு வேண்டிய பக்கம் எதுவானாலும் அதன் முகவரியை வேபேக்கிலேயே சேமிக்கக் கொடுக்கலாம், இலவசம். லாகின் செய்து பார்க்கும் பக்கங்களை அது எடுக்காது. அவற்றைப் பிடிஎஃப் ஆக, தேதியோடு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.