மலிவு விலை கிதார்: கம்ப்யூட்டர் சரி செய்யாததை மட்டும் பாருங்கள்

எலெக்ட்ரிக் கிதார் வாங்கலாம் என்று நினைத்தாலே, கூடவே ஆம்ப்ளிபயர், எபெக்ட் பெடல், அவற்றுக்கு அடாப்டர் என்று பட்டியல் நீண்டுவிடும் எனப் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். வீட்டில் ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை தேவையே இல்லை. இதனைச் சோதித்துப் பார்க்கவே, பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவான விலையில், எந்தப் பகட்டும் இல்லாத ஒரு கிதாரை வாங்கினேன். இரண்டு வாரம் பயன்படுத்திய பின் என் கருத்து இதுதான்: விலை குறைந்த கிதாரின் ஒலியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்ளும். கம்ப்யூட்டரால் தொட முடியாத இடம் கிதாரின் நெக். உங்கள் கவனம் அங்குதான் இருக்க வேண்டும்.

என்ன இருக்கிறது?

பலகை போன்ற உடல், திருகாணிகளால் பொருத்தப்பட்ட நெக், இரண்டு பிக்அப், ஒரு வால்யூம், ஒரு டோன், மூன்று நிலை ஸ்விட்ச், அசையாத பிரிட்ஜ். அவ்வளவுதான். இது ஏழைகளுக்கான வடிவம் என்று எண்ண வேண்டாம். லியோ பெண்டர் 1950ல் விற்பனைக்குக் கொண்டு வந்து, 1951 முதல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிதாரின் அமைப்பே இதுதான். எளிதாகத் தயாரிக்கவும் பழுது பார்க்கவும் ஏற்ற வடிவம் என்பதால், விலை குறையும்போது கெடுவதற்கு இதில் பாகங்களும் குறைவு. குறிப்பாக, மலிவான கிதாரில் அசையும் பிரிட்ஜ் இருந்தால் சுருதி அடிக்கடி கலையும். அது இல்லாதது நல்லதே.

எந்த பிராண்டு என்று கேட்பீர்கள். இந்த விலையில் ஒரே மாடலில் இரண்டு கிதார்களை எடுத்தால்கூட இரண்டும் ஒன்று போல் இருப்பதில்லை. எனவே பெயரைப் பார்ப்பதை விட, கையில் இருக்கும் கிதாரைப் பார்ப்பதே பயன் தரும்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

முதலில் நெக்கின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். மரம் காய்ந்து சுருங்கும்போது பிரெட் கம்பிகளின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். என் கிதாரில் நான்கு இடங்களில் அப்படி இருந்தது. அடுத்து, 12ஆவது பிரெட்டில் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். தடித்த கம்பிக்கு 2 மில்லிமீட்டர் அளவு வசதியாக இருக்கும். எனக்கு வந்தது 3 மில்லிமீட்டருக்கும் மேல்.

மூன்றாவது சோதனைக்கு மொபைல் போனில் ஒரு ட்யூனர் புரோகிராம் போதும். தடித்த கம்பியை 82.4 ஹெர்ட்ஸ் ஒலிக்குமாறு சுருதி சேர்த்துவிட்டு, அதே கம்பியை 12ஆவது பிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். சரியாக இரு மடங்கு, அதாவது 164.8 ஹெர்ட்ஸ் வர வேண்டும். அதிகமாகக் காட்டினால் பிரிட்ஜில் அந்தக் கம்பிக்கான சாடிலைப் பின்னால் நகர்த்த வேண்டும். குறைவாகக் காட்டினால் முன்னால். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், பாதிக்கப்படுவது புதிதாகக் கற்பவர். கம்பி உயரமாக இருந்தால் விரல் வலிக்கிறது. அழுத்தி அழுத்தி ஒலியும் சுருதி விலகுகிறது. விரலை வைத்த இடம் சரிதான். ஆனால் கேட்பது அபஸ்வரம். அந்தப் பிள்ளை கிதாரைக் குறை சொல்லாது. "எனக்கு வராது" என்று தன்னையே குறை சொல்லும். மூன்றாம் மாதம் கிதார் பரணுக்குப் போய்விடும். நம் இசையை வாசிக்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கமகத்திற்குக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது, பிரெட்கள் சமமாக இல்லையென்றால் பாதி வழியிலேயே ஒலி அடங்கிவிடும்.

இனி கம்ப்யூட்டர்

கிதாரை கம்ப்யூட்டரின் மைக் சாக்கெட்டில் ஒரு கன்வர்ட்டர் பின் போட்டுச் செருகலாம், ஒலியும் வரும். ஆனால் மந்தமாக இருக்கும். பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பிச் சுருள். அதற்குச் சுமார் 10 லட்சம் ஓம் தடை உள்ள உள்ளீடு தேவை. மைக் சாக்கெட்டில் அது மிகக் குறைவு என்பதால் கூர்மையான ஒலிகள் அடிபட்டுப் போகின்றன. எனவே கிதாருக்கான உள்ளீடு உள்ள ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் வாங்குவது அவசியம்.

அடுத்தது தாமதம். பபர் அளவு 1024 சாம்பிள், வேகம் 44,100 ஹெர்ட்ஸ் என்றால், உள்ளே வர 23 மில்லி செகண்ட், வெளியே செல்ல 23 மில்லி செகண்ட். மீட்டிய பின் ஒலி வருவது நன்றாகவே தெரியும். ஏஎஸ்ஐஓ டிரைவரைப் பயன்படுத்தி, பபரை 128 என அமைத்தால் இது ஒவ்வொரு பக்கமும் 3 மில்லி செகண்டாகக் குறையும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே ஏறக்குறைய அந்த நேரம் ஆகிறது. எனவே விரலுக்குத் தெரியாது. புளூடூத் ஹெட்போன் வேண்டாம்; அதன் தாமதம் இந்த முயற்சியையெல்லாம் வீணாக்கிவிடும்.

ஆம்ப்ளிபயருக்குப் பதிலாக நான் பயன்படுத்தியது நியூரல் ஆம்ப் மாடலர் என்ற புரோகிராம். ஓப்பன் சோர்ஸ், இலவசம். உண்மையான ஆம்ப்ளிபயர்களின் ஒலியைக் கணித்து உருவாக்கிய மாடல் பைல்களை இதில் திறந்து பயன்படுத்தலாம். உள்ளீட்டு அளவு சிவப்பைத் தொடாமல் பார்த்துக் கொண்டால், விலை குறைந்த பிக்அப்பா என்று கேட்பவர் எளிதில் சொல்ல முடியாது. ஒரே குறை இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்அப் சுற்றியுள்ள மின்சாரக் கருவிகளின் முனகலையும் பிடித்துத் தரும். மானிட்டரை விட்டுச் சற்றுத் தள்ளி, திரும்பி உட்கார்ந்தால் பெருமளவு குறைகிறது.

என் பரிந்துரை

கடைகளில் கிதாருடன் சிறிய ஆம்ப்ளிபயரையும் சேர்த்து பேக்காகத் தருகிறார்கள். கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை. அந்தப் பணத்தை ஆடியோ இன்டர்பேஸுக்கு வைத்துக் கொள்ளுங்கள். பிரெட் நுனிகளை ராவி, கம்பி உயரத்தைக் குறைத்து, 0.009 அங்குல செட் கம்பி மாட்டித் தர, கிதார் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். என் கிதாருக்கு இதைச் செய்த பிறகுதான் அரை மணி நேரம் தொடர்ந்து வாசிக்க முடிந்தது. இதற்கான செலவைக் கிதாரின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். நெக் வளைந்தோ முறுக்கியோ இருந்தால் மட்டும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். ஒலியைப் பிறகு மாற்றிக் கொள்ளலாம். மரத்தை மாற்ற முடியாது.