மண்டை ஓடு வேறு, மூளை வேறு

எங்கள் தாம்பரத்தில் காலை நடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அரை டாக்டர்கள். யாருக்காவது புற்றுநோய் மண்டை ஓட்டுக்குப் பரவிவிட்டது என்று தெரிந்தால் உடனே இரண்டு தீர்ப்பு வரும். ஒன்று: "தலைக்கு ஏறிடுச்சு, இனி வீட்டோட வச்சுப் பாத்துக்குங்க." மற்றது: "வீட்டை வித்தாவது கத்தியில்லா ஆபரேஷன் பண்ணிடுங்க." இரண்டுமே தவறு என்கிறேன் நான்.

முதல் தீர்ப்பைப் பார்ப்போம். மண்டை ஓடு எலும்பு, மூளை அல்ல. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவுவது அடிக்கடி நடப்பதுதான். அதன்பின் முழுக்கக் குணமாவது அரிது என்பதும் உண்மை. ஆனால் மண்டை ஓட்டின் அடிப்பகுதியில் கட்டி நரம்பை அழுத்தினால் பார்வை இரட்டையாகும், முகம் மரத்துப்போகும், விழுங்கவும் சிரமம். சீக்கிரம் கவனித்தால் இவற்றைக் குறைக்க வழியுண்டு. நம் சானடோரியம் காசநோய் மருத்துவமனை 1928-ல் தொடங்கிய காலத்தில், காசநோய் என்றாலே முடிந்தது என்றார்கள். அதே பேச்சை இன்றும் பேசலாமா?

அடுத்தது இரண்டாவது தீர்ப்பு. ரேடியோசர்ஜரி என்ற பெயரை 1951-ல் வைத்தவர் ஸ்வீடன் மருத்துவர் லார்ஸ் லெக்செல். மண்டையைத் திறப்பதில்லை. பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்கள் கட்டியில் குவியும். ஒன்று முதல் ஐந்து தடவைக்குள் முடியும். பார்வை நரம்புக்கோ மூளைத்தண்டுக்கோ அருகில் கட்டி இருந்தாலோ, அங்கே முன்பே கதிர்வீச்சு கொடுத்திருந்தாலோ இதன் அருமை தெரியும். தேனாம்பேட்டை அப்போலோவுக்கு 2009-லேயே சைபர்நைஃப் வந்துவிட்டது.

ஆனால் வலி மட்டும்தான் பிரச்சினை என்றால்? சாதாரணக் கதிர்வீச்சு இயந்திரத்தில் ஒரே தடவை 8 கிரே கொடுத்தாலே, பல நாள் கொடுப்பதற்குச் சமமாக வலி குறைகிறது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. சிலருக்கு மறுபடி ஒருமுறை தேவைப்படும், அவ்வளவே. இதைச் சொல்லாமல் இயந்திரத்தின் பெயரைக் காட்டி லட்சக்கணக்கில் எஸ்டிமேட் நீட்டுவதை நான் வியாபாரம் என்றுதான் சொல்வேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சேலையூர் மனையை விற்றது. எதற்காக அந்தச் சிகிச்சை என்று யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். கட்டி எலும்பில் மட்டுமா, மூளையிலுமா? சிகிச்சை வலிக்கா, நரம்பைக் காக்கவா? சாதாரணக் கதிர்வீச்சு ஏன் போதாது? பதில் சரியாக வரவில்லையா, ஸ்கேன் படங்களை வாங்கிக்கொண்டு அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்குப் போங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியது. தாம்பரத்திலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். இன்னொரு டாக்டரைக் கேட்பது முதல் டாக்டருக்கு அவமரியாதை ஆகாது.