கூடைப்பந்தும் குச்சுச் சடங்கும்

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஒரு வீட்டில் பெண்பிள்ளை பெரியவளாகி விட்டால், அந்தச் சங்கதியை முச்சந்தியில் ஆளுயரப் பிளெக்ஸ் பலகை கட்டி ஊருக்கெல்லாம் அறிவிக்கின்றார்கள். முதலில் தென்னங்கீற்றால் குச்சு கட்டித் தனியே உட்கார வைப்பது. பிறகு தாய்மாமன் சீர் என்று தாம்பாளங்களை மேளதாளத்தோடு தெருத்தெருவாகச் சுமந்து வருவது. பிறகு மண்டபம், வாணவெடி, கறிச்சோறு, மொய் நோட்டு. இவ்வளவுக்கும் நடுவில் கனத்த பட்டுச் சேலையோடு நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருப்பது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் குழந்தை. மறு வாரம் அக்குழந்தை பள்ளிக்கூடத்திற்குப் போகலாம். ஆனால் விளையாட்டு மைதானத்திற்குப் போகக் கூடாது. "இனிமேல் உனக்கென்ன ஓட்டமும் சாட்டமும்?" என்று தகப்பனார் கேட்கின்றார், தாயாரும் ஆமாம் போடுகின்றார். அத்தோடு அந்தப் பெண்ணின் விளையாட்டு முடிந்தது.

இதை இன்று எழுத நேர்ந்த காரணம், கூடைப்பந்தையே ஜீவனமாகக் கொண்டு வாழ்ந்து காட்டிய ஒரு தமிழ்ப் பெண்ணின் கதையை நாம் நினைத்துப் பார்த்ததுதான். சென்னையில் 1985-ம் வருஷம் பிறந்த அனிதா பால்துரை என்பவரைப் பற்றிச் சொல்லுகின்றோம். இவர் 2001-ல் இந்தியப் பெண்கள் கோஷ்டியில் சேர்ந்தார். பத்தொன்பது வயதில் அந்தக் கோஷ்டிக்கே தலைவியானார். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியச் சாம்பியன் போட்டிகளில் ஆடினார். கலியாணமாகிக் குழந்தை பெற்ற பிறகும் களத்திற்குத் திரும்பி வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில், இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-க்கு 73 என்ற கணக்கில் வென்று முதல் பிரிவுக்கு ஏறிய கோஷ்டியில் இவரும் இருந்தார். 2021-ல் சர்க்கார் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. பட்டங்களைப் பற்றி நமக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது என்பது வாசகர்களுக்குத் தெரியும். நாம் எடுத்துக்காட்ட விரும்புவது வயதுக் கணக்கைத்தான்.

பதினாறு வயதில் தேசத்துக்காக ஆடிய பெண், பன்னிரண்டு வயதில் என்ன செய்து கொண்டிருந்திருக்க வேண்டும்? பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடவும், ஓடுகின்ற ஓட்டத்தில் எம்பிக் கூடையில் போடவும், எதிராளியின் கால் எந்தப் பக்கம் திரும்புகின்றது என்று கண்ணால் அளக்கவும் கைகால்கள் பழக வேண்டிய வயது அதுதான். அந்த நான்கு வருஷத்தை இழந்துவிட்டால் பிறகு லட்ச ரூபாய் செலவு செய்தாலும் அது திரும்பி வராது. நம்மவர்களோ சரியாக அந்த வயதைப் பார்த்துத்தான் குச்சு கட்டுகின்றார்கள். எத்தனை அனிதாக்களை நம் ஜில்லாவில் தென்னங்கீற்றுக்குள் வைத்துச் சாகடித்திருக்கின்றோம் என்பதை யார் கணக்கெடுத்தார்கள்?

"உடம்பு கெட்டுப் போகும், பிள்ளை பெற முடியாது" என்று வயதான பெண்கள் சொல்லுகின்றார்கள். இந்தப் பேச்சு நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. கூடைப்பந்து என்பதே 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்கின்ற ஓர் உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்களைக் கட்டடத்துக்குள்ளேயே ஓட வைப்பதற்காகப் பீச்சுப் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி உண்டாக்கியது. அடுத்த வருஷமே சென்டா பெரன்சன் என்ற அம்மையார் அதைப் பெண்கள் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கேயும் "பெண்ணுடம்பு தாங்காது" என்றுதான் கூச்சல் எழுந்தது. அதற்குப் பயந்து ஆடுகளத்தையே மூன்று கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துப் பெண் அடுத்த கட்டத்துக்கு ஓடக் கூடாது என்று விதி செய்தார்கள். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1936-லேயே இடம் கொடுத்தவர்கள் பெண்களுக்கு 1976 வரையில் கொடுக்கவில்லை. இன்றைக்கோ பெண்களுக்குப் பந்து சற்றுச் சிறியது என்பதைத் தவிரக் கூடையின் உயரம் இருவருக்கும் அதே பத்தடிதான். பெண்ணுடம்பு தாங்குமா என்ற கேள்விக்கு, குழந்தை பெற்ற பின்னும் ஆசியப் போட்டியில் ஆடிய அனிதாவைக் காட்டிலும் வேறு பதில் வேண்டுமா?

இன்னொரு விஷயம். நமது பக்கத்து ஜல்லிக்கட்டில் முதலில் கோயில் காளையை அவிழ்த்து விடுகின்றார்கள். அதை ஒருவரும் தொடக் கூடாது. தொடக்கூடாத மாடு, தொடக்கூடாத மனிதன், முதல் மரியாதை, இரண்டாம் மரியாதை என்பவை நம் ஊர்த் திருவிழாவோடு பிறந்தவை. கூடைப்பந்தில் யாரும் பிடிக்கக் கூடாத பந்து என்று ஒன்று கிடையாது. எவன் கையிலிருந்து வந்தாலும் அடுத்தவன் வாங்கித்தான் ஆகவேண்டும். வாங்க மறுத்தால் தோல்வி.

இதனால் விளையாட்டுக்குள் ஜாதி நுழைவதில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நன்றாக நுழைகின்றது. பூனாவில் பல்வங்கர் பாலு என்ற தாழ்த்தப்பட்ட வகுப்புப் பந்து வீச்சுக்காரர் இருந்தார். அவர் வீசிய பந்தைக் கையால் பிடித்தவர்களே, அவருக்குத் தேத்தண்ணீரை மைதானத்துக்கு வெளியே தனி மண் கோப்பையில் கொடுத்தார்கள். 1911-ல் இங்கிலாந்துக்குப் போய் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தி வந்த அவரை, இந்துக்கள் கோஷ்டிக்குக் கடைசி வரையில் தலைவராக்கவில்லை. அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்துச் சங்கத்தில் கறுப்பு மனிதர் ஒருவர் முதன்முதலாக ஆட்டத்தில் இறங்கியது 1950 அக்டோபர் 31-ல். ஏர்ல் லாயிட் என்பது அவர் பெயர். இவையெல்லாம் பழங்கதை என்பீர்களானால், 2021 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண் வந்தனா கட்டாரியா. அதற்குச் சில நாளைக்குப் பின் அரை இறுதியில் இந்தியா தோற்றதும் அவருடைய வீட்டின் முன்னே பட்டாசு கொளுத்தி, தாழ்த்தப்பட்டவர்களைக் கோஷ்டியில் சேர்த்ததால்தான் தோற்றோம் என்று ஜாதியைச் சொல்லித் திட்டியதாகக் குடும்பத்தார் போலீசில் புகார் செய்தார்கள். ஜெயித்தால் பாரத மாதாவின் புதல்வி, தோற்றால் தாழ்த்தப்பட்ட ஜாதி! இதுதானே இந்த நாட்டுத் தேசபக்தியின் யோக்கியதை?

ஜாதி போகட்டும், ஜோசியத்தையாவது விட்டார்களா? 2022-ல் இந்தியக் கால்பந்து நிர்வாகம் கோஷ்டிக்கு ஊக்கமூட்ட என்று ஒரு ஜோதிடக் கம்பெனிக்குப் 16 லட்ச ரூபாய் கொடுத்ததாகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. எந்த ஆட்டக்காரனை இறக்கலாம், எவனுக்குக் கிரகம் சரியில்லை என்று ஒரு ஜோசியனிடம் பெயர்களை அனுப்பிக் கேட்டதாக 2023-ல் மற்றொரு சேதியும் வந்தது. பிறகு 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா மூன்று ஆட்டம் ஆடி, மூன்றிலும் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் ஊர் திரும்பிற்று. அந்தப் பதினாறு லட்சத்துக்கு நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு எத்தனை பந்து வாங்கியிருக்கலாம் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

நிற்க. விளையாட்டை நம்பிப் பெண்ணை விட்டால் சோறு கிடைக்குமா என்று கேட்கின்ற தகப்பனாரை நாம் பரிகாசம் செய்யப் போவதில்லை. அது நியாயமான கேள்வி. பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னாம் சிங், ஏழடிக்கு மேல் உயரம். 2010-ல் அமெரிக்காவுக்குப் பயிற்சிக்குப் போனார். 2015-ல் டல்லாஸ் கோஷ்டி அவரைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்கச் சங்கத்தால் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர். தேசமே கொண்டாடிற்று. ஆனால் அந்தச் சங்கத்தின் முறையான ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. பிறகு மருந்துப் பரிசோதனையில் சிக்கி இரண்டு வருஷத் தடை. இப்போது மல்யுத்தக் காட்சிக்குப் போய்விட்டார். கேரளத்துக் கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் சம்பளத்துக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் சங்கத்தின் தேர்வுக்கும் போய் வந்தார். அவருக்கும் அனிதாவுக்கும் நிலையான சோறு போட்டது எது? தெற்கு ரயில்வே உத்தியோகம். நம் நாட்டில் விளையாட்டை ஜீவனமாகக் கொள்ளுவது என்றால் பெரும்பாலும் ரயில்வேயிலோ போலீசிலோ ஒரு வேலை கிடைப்பதுதான். ஆகையால் படிப்பை விட்டுவிட்டுப் பந்தைப் பிடி என்று நாம் சொல்லவில்லை. பந்தும் படிப்பும் இருந்தால் உத்தியோகத்துக்கு இரண்டு வழி இருக்கின்றது. குச்சுக்குள் இருந்தால் ஒரு வழியும் இல்லை.

இதற்கு மதுரையிலேயே சாட்சி இருக்கின்றது. சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி வீரமணி சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். பாட்டி வயற்காட்டிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை செய்து வளர்த்தார். பெண்பிள்ளைகளுக்குப் படிப்பெதற்கு, வேலைக்கு அனுப்பு என்று சொந்தக்காரர்கள் புத்தி சொன்னார்கள், கிழவி கேட்கவில்லை. செருப்பில்லாத காலோடு ஓடிய அந்தப் பெண், லேடி டோக் கல்லூரியில் படித்து, ரயில்வேயில் வேலை பெற்று, 2021 ஜூலை 30-ல் டோக்கியோவில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். கோஷ்டி இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அதனாலென்ன? எழுத்தறியாத எத்தனையோ பேருக்கு இல்லாத புத்தி, படித்துப் பட்டம் பெற்ற எத்தனையோ பேருக்கும் இல்லாத தைரியம், சூளையில் கல் சுமந்த அந்தக் கிழவிக்கு இருந்திருக்கின்றது. அதே மதுரையின் ஜெர்லின் அனிகா காது கேளாதவர். 2022-ல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பாட்மிண்டனில் மூன்று தங்கம் வாங்கினார். ஊனத்தைப் பூர்வ ஜென்ம பாவம் என்று பிரசங்கம் செய்கின்ற சாஸ்திரிகள், பாவத்துக்கு மூன்று தங்கமா சம்பளம் என்று விளக்கட்டும்.

கடைசியாக ஒரு கேள்வி வரும். அதுதான் உண்மையான கேள்வி. "ஊரெல்லாம் மொய் செய்திருக்கின்றோம். சடங்கு வைக்காவிட்டால் அதை எப்படித் திரும்ப வாங்குவது?" என்பார்கள். சடங்கின் சாஸ்திரமெல்லாம் இந்த மொய் நோட்டுக்குள்தான் இருக்கின்றது என்று நமக்கும் தெரியும். கடன் கொடுத்தவன் கேட்டு வாங்க வேண்டியதுதான். அதற்குப் புதுவீட்டுக்குக் குடிபோகும் நாள் இருக்கின்றது, பிள்ளைகளின் பிறந்த நாள் இருக்கின்றது, ஒன்றுமில்லாவிட்டால் மொய் விருந்து என்றே பெயரிட்டு இலை போடுகின்ற வழக்கமும் இத்தமிழ்நாட்டில் இருக்கின்றது. வரவு வாங்குவதற்கு ஒரு குழந்தையின் உடம்பு ஏன் நோட்டீசாக வேண்டும்? தன் வகுப்புப் பையன்கள் போகின்ற வழியில் தன் படம் தொங்குவதைப் பார்த்துத் தலை குனிந்து நடக்கின்ற பெண் எப்படி அரைக்கால் சட்டையோடு மைதானத்தில் இறங்குவாள்?

ஆகவே, இந்த வருஷம் தங்கள் வீட்டில் குச்சுச் சடங்கை நிறுத்திவிட்டு, மறுநாளே பெண்ணை மைதானத்துக்கு அனுப்பிய தாய் தகப்பன்மார்கள் இருந்தால், ஒரு கார்டில் நமக்கு எழுதட்டும். சுற்றத்தார் என்ன சொன்னார்கள், எத்தனை பேர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டோம் என்றார்கள், அவர்களில் எத்தனை பேர் பிறகு வந்தார்கள் என்பதையும் எழுதட்டும். அப்படியே வெளியிடுவோம். பெண்ணின் பெயர் வேண்டியதில்லை.