வரிப் பங்கைப் பேரத்துக்கு விடக் கூடாது

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சமையலுக்கு வாங்கும் அரிசிக்கும் பாலுக்கும் மாநில அரசின் 4 சதவீத விற்பனை வரி கிடையாது. உள்ளூர் வரி மட்டும் உண்டு. அதில் ஒரு சதவீதம், 1975-இல் வந்த சட்டத்தின்படி, கவுண்டி (மாவட்ட) நிர்வாகமும் அதன் எல்லைக்குள் இருக்கும் நகராட்சிகளும் பங்கிட்டுக்கொள்வதற்காக வசூலிக்கப்படுகிறது. அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்பரெட்டா, ஜான்ஸ் கிரீக், கம்மிங் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் மளிகைக் கடையில் இதைக் கட்டுகின்றன. கூலித் தொழிலாளியின் சாப்பாட்டிலிருந்தும் எடுக்கப்படும் காசு இது. இதில் யாருக்கு எவ்வளவு என்பதைப் பேரம் பேசும் வலிமை தீர்மானிப்பது நியாயமே அல்ல.

பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் கவுண்டியும் நகரங்களும் பங்கு பேச உட்காருகின்றன. கடைசியாக 2022-இல் பேசினார்கள். சட்டம் எட்டு அளவுகோல்களைச் சொல்கிறது. எதற்கு எவ்வளவு எடை என்று சொல்லவில்லை. அதனால் இரு தரப்பும் தமக்குச் சாதகமானதைப் பிடித்துக்கொள்கின்றன. கடைகளும் அலுவலகங்களும் எங்கள் ஊரில்தான் இருக்கின்றன, பகலில் வந்துபோகும் கூட்டத்துக்கும் சேர்த்துச் சாலையும் காவலும் தருவது நாங்கள்தான் என்கின்றன நகரங்கள். நகரவாசியும் எங்கள் குடிமகன்தான்; ஷெரீப், சிறை, நீதிமன்றம், தேர்தல் எல்லாம் எங்கள் செலவு என்கிறது கவுண்டி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. நகரவாசி கவுண்டிக்கும் நகரத்துக்கும் தனித்தனியே சொத்து வரி கட்டுகிறார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

உடன்பாடு வராவிட்டால் சமரசப் பேச்சு. அதிலும் முடியாமல் கெடு தாண்டினால் வரியே காலாவதியாகிவிடும். இந்த வருமானத்தைக் கொண்டு சொத்து வரியைக் குறைக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே வரி போனால் அந்தச் சுமை வீட்டுக்காரர் தலையில் விழும். வாடகைக்கு இருப்பவரையும் அது விடாது. வருமானத்துக்கு வேறு வழியில்லாத சிறு நகரம், கெடு நெருங்க நெருங்கக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடத்தான் தள்ளப்படும்.

இதற்குத் தீர்வாக 2010-இல் சட்டமன்றம் ஒரு வழி செய்தது. இரு தரப்பும் இறுதிக் கோரிக்கையைக் கொடுக்க, நீதிபதி அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். டர்னர் கவுண்டிக்கும் ஆஷ்பர்ன் நகரத்துக்கும் இடையிலான வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2013-இல் அதை ரத்து செய்தது. வரியைப் பங்கிடுவது சட்டமியற்றும் அதிகாரம், அதை நீதிபதியிடம் ஒப்படைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அப்படியானால் அந்த அதிகாரம் உள்ள சட்டமன்றமே பங்கீட்டு விதியை எழுதட்டும் என்கிறோம்.

அந்த விதியில் மக்கள்தொகைக்கு முதலிடம் வேண்டும். அடுத்து, யார் எந்தச் சேவையைத் தருகிறார்கள் என்பது. சொத்து வரித் தளம் மெலிந்த ஊருக்குச் சற்றுக் கூடுதல் தர வேண்டும். கடை எங்கே இருக்கிறது என்பதற்கு மிகக் குறைந்த எடை போதும். இணையத்தில் வாங்கும் பொருளுக்கு, அது போய்ச் சேரும் இடத்தின் வரியே வசூலாகிறது. நகர எல்லைக்கு வெளியே ஒரு வீட்டுத் திண்ணையில் இறங்கும் பெட்டிக்கு நகரத்துக் கடைவீதி உரிமை கோர முடியாது.

159 கவுண்டிகளுக்கும் ஒரே அளவு பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. பொருந்த வேண்டிய அவசியமில்லை. தாமாகவே வேறு உடன்பாட்டுக்கு வருபவர்கள் வரட்டும். பேச்சு முறிந்தால் மட்டும் விதி அமலுக்கு வரட்டும். வரி நிற்காது, மிரட்டலுக்கும் வேலையிருக்காது. பழைய பங்கே தொடரட்டும் என்ற யோசனையை நாம் ஏற்கவில்லை. பழைய கணக்கில் லாபம் பார்த்தவர் பேச்சுக்கே வர மாட்டார்.

அடுத்த சுற்றுப் பேச்சு 2032-இல். 2030 கணக்கெடுப்பின் எண்கள் வெளிவந்துவிட்டால், ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரும் தன் ஊருக்கு எது கூடுதலாகத் தரும் என்று பார்த்துத்தான் வாக்களிப்பார். எந்த ஊர் வளர்ந்தது, எது தேய்ந்தது என்று எவருக்கும் உறுதியாகத் தெரியாத இப்போதே சட்டமன்றம் விதியை எழுதிவிட வேண்டும்.