கொதிகலத்திற்குப் புகழ், குளிர்கலத்திற்குப் பழியா?

நீராவிக் கப்பலைப் பற்றிப் பேசுவோர், அனல் கக்கும் கொதிகலத்தையும் விரைந்து சுற்றும் சுழலியையுமே போற்றுவர். சுழலிக்குக் கீழே ஓசையின்றிக் கிடக்கும் குளிர்கலத்தையோ, அரிதின் ஈட்டிய வெப்பத்தைக் கடலிற் கொட்டும் வீணுறுப்பு என்பர். இஃது அறியாமையின்பாற் பட்ட கூற்றே.

குளிர்கலம் செய்வது யாது? அதனுள் நிரல்பட அமைந்த குழாய்களின் வழியே கடல்நீர் ஓடுகின்றது. உழைத்து முடித்து வரும் நீராவி, அக்குழாய்களின் புறத்தே பட்டு நீராகின்றது. இயல்பான காற்றழுத்தத்தில் ஒரு படி நீர் ஏறத்தாழ 1,670 படி நீராவியாக விரியும். அவ்வாறு விரிந்தது மீண்டும் நீராய்ச் சுருங்குங்கால், ஆங்கு வெற்றிடத்தை ஒத்த நிலை தோன்றுகின்றது. எதிரழுத்தம் குறையவே, சுழலியிலுள்ள நீராவி மேலும் விரிந்து மேலும் உழைக்கின்றது. வெப்பம் சென்று சேரக் குளிர்ந்த இடம் இல்லையேல், எப்பொறியும் தொடர்ந்து இயங்காது. ஆகலின் கடலிற் சேரும் வெப்பம் முழுதும் வீணன்று. பெற்ற வேலைக்கு ஈந்த விலையாகும்.

இனி, நீரைக் காப்பதும் அக்கலமே. தொடக்கக் காலக் கப்பல்களில் நீராவியின்மேல் கடல்நீரைப் பாய்ச்சிக் குளிர்வித்தனர். அவ்வுப்புக் கலவையே மீண்டும் கொதிகலத்திற்குச் சென்றது. உப்புப் படிந்தது, உவர்த்த வெந்நீரை அடிக்கடி வெளியேற்றியதால் நிலக்கரியும் வீணாயிற்று. 1834-இல் சாமுவேல் ஆல் என்னும் ஆங்கிலேயர், இரண்டையும் கலவாமற் குளிர்விக்கும் கலத்திற்கு உரிமம் பெற்றார். அது பொருத்தப் பெற்ற 'சிரியசு' என்னும் கப்பல், 1838 ஏப்பிரல் 4-இல் அயர்லாந்தினின்று புறப்பட்டு 22-ஆம் நாள் நியூயார்க்கை அடைந்தது. எனினும் அவ்வமைப்புப் பரவலானது 1860-களிலேயே.

ஒரு குழாயில் ஊசித்துளை விழுந்தாலும் போதும். உப்புநீர் கொதிகலத்திற் புகுந்து கேடு விளைக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையினர், இக்குழாய்க் கசிவை ஒரு நோய்போலவே பெயரிட்டு அழைத்தனர். செம்பும் நிக்கலும் கலந்த மாழைக் குழாய்கள் வந்த பின்னரே அந்நோய் பெரிதும் தணிந்தது.

கடலைப் பயன்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு துளியும் உள்ளே விடலாகாது. இவ்விரு கடமையையும் ஒருங்கே ஆற்றும் உறுப்பு, அணுவாற்றல் நீர்மூழ்கிகளிலும் இன்றுவரை தேவைப்படுகின்றது. நீராவிப் பொறியைக் கற்பிப்போர் நெருப்பை மட்டும் காட்டி நிறுத்துவராயின், அஃது அரைக்கல்வியே. குளிர்கலத்தையும் உடன் காட்டுக. அப்பொழுதே பொறியின் முழுமை மாணவர்க்கு விளங்கும்.