ஒரு மனை, எத்தனை வீடு?

நுழையும்முன்

வீடு தனியொருவரின் உடைமை; ஊரோ அனைவருக்கும் பொது. ஒரு தெருவில் எத்தகைய வீடுகள் எழலாம் என்பதை யார் முடிவு செய்வது? அமெரிக்க நாட்டில் நடைபெறும் விவாதம் ஒன்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

அமெரிக்கப் புறநகர்கள் பலவற்றில் ஒரே வகைக் காட்சியைக் காணலாம். முன்புறம் புல்வெளி, பக்கத்தில் மகிழுந்து நிறுத்தும் கொட்டகை, நடுவே ஒரு குடும்பம் வாழும் தனி வீடு. இக்காட்சி மக்களின் விருப்பத்தால் மட்டும் அமைந்ததன்று, சட்டத்தாலும் அமைந்தது. ஒரு மனையில் ஒரு குடும்பத்திற்கான வீடு மட்டுமே கட்டப்பட வேண்டும் என்னும் விதி, அந்நாட்டு நகரங்கள் பலவற்றில் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டுப்படுத்துகிறது.

விதி வந்த வழி

கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரம் 1916ஆம் ஆண்டிலேயே இத்தகைய விதியை இயற்றியது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் தனித்தனித் தெருக்களில் வாழவேண்டும் என லூயிவில் நகரம் வகுத்த சட்டம் செல்லாது என்று 1917இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1926இல் ஒகையோ மாநிலத்தின் யூக்ளிட் என்னும் ஊர் தொடர்பான வழக்கிலோ, நிலப் பயன்பாட்டு விதிகளை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தனி வீடுகளுக்கு இடையே எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. ஆளைத் தடுக்க இயலாத சட்டத்தால் கட்டடத்தைத் தடுக்க இயன்றது. தனி மனையும் தனி வீடும் வாங்க வசதியற்றோர்க்கு அத்தெருக்களில் இடமில்லாமற் போயிற்று.

மாற்றமும் எதிர்ப்பும்

மின்னசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகர மன்றம் 2018இல் இவ்விதியைக் கைவிட முடிவு செய்தது. தனி வீட்டுக்குரிய மனையில் மூன்று குடும்பங்கள் வரை வாழலாம் என்னும் நிலை 2020இல் நடைமுறைக்கு வந்தது. ஓரிகன் மாநிலம் 2019இலும் கலிபோர்னியா 2021இலும் இதையொத்த சட்டங்களை இயற்றின.

எதிர்ப்பும் எழுந்தது. தெருவில் நெரிசல் மிகும், கழிவுநீர்க் குழாய்கள் தாங்கா, மரங்கள் வெட்டப்படும், ஊரின் இயல்பு கெடும் என்றனர் குடியிருப்போர். இவற்றை வெறும் தன்னலம் என ஒதுக்குதல் முறையன்று. வாழ்நாள் சேமிப்பை ஒரு வீட்டில் முதலிட்டவரின் கவலை மெய்யானதே. ஆயினும், குழாய் சிறிதெனில் அதனைப் பெரிதாக்கலாம். கட்டடத்தின் உயரத்திற்கு வரம்பு விதிக்கலாம். மரங்களைக் காக்க விதி செய்யலாம். இக்குறைகளுக்கு மருந்து முறைப்படுத்துதலே. முற்றாக விலக்குதல் அன்று.

மேலும், ஊருக்குள் இடம் மறுக்கப்பட்டவர்கள் மறைந்துவிடுவதில்லை. அவர்கள் இன்னும் தொலைவில் குடியேறுகின்றனர். வயல்கள் மனைகளாகின்றன, நாள்தோறும் நெடுந்தொலைவு வண்டியோட்டிப் பணிக்கு வரவேண்டியுள்ளது. ஒரு தெருவின் அமைதிக்குரிய விலையை மற்றோர் ஊர் செலுத்துகிறது.

பட்டறிவு காட்டுவது

மினியாபொலிசில் அஞ்சியது நிகழவில்லை. எதிர்பார்த்ததும் முழுமையாக நிகழவில்லை. மூன்று குடும்ப வீடுகள் மிகச் சிலவே எழுந்தன. பேருந்து செல்லும் பெருவழிகளை ஒட்டி எழுந்த பெரிய குடியிருப்புகளே புதிய வீடுகளில் பெரும்பங்கை அளித்தன. நிலத்தின் விலையும் கட்டுமானச் செலவும் குறையாத நிலையில், தடையை நீக்குவது மட்டும் வீட்டை எழுப்பிவிடாது. எனினும், தடை நீங்காமல் எழுப்பவே இயலாது.

ஊரின் இயல்பு என்பது கூரைகளின் வடிவம் மட்டுமன்று. அவ்வூர்ப் பள்ளியில் கற்பிக்கும் ஆசிரியரும், மருத்துவமனையில் பணியாற்றும் செவிலியரும், தெருவைத் தூய்மை செய்யும் தொழிலாளரும் அவ்வூரிலேயே குடியிருக்க இயல வேண்டும். பிள்ளைகள் பிரிந்து சென்றபின் பெரிய வீட்டைப் பேண இயலாத முதியோர், பழகிய தெருவிலேயே சிறிய வீட்டில் வாழ வழி வேண்டும். இவர்களுக்கு இடமளிக்கும் விதியே நல்ல விதி. முன்னரே குடியேறியவர்க்கு ஊரில் உரிமை உண்டு. கதவை அடைக்கும் உரிமை அதனுள் அடங்காது.