உறைமேல் எழுத்து யார்க்கு?

கடையில் தொங்கும் தின்பண்டப் பொட்டலம் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். முன்புறம் பழத்தின் படம். பின்புறமோ கடுகினும் சிறிய எழுத்தில் 102, 110, 122, 124 என எண்கள். டார்ட்ரசீன் முதலாய செயற்கைச் சாயங்களின் அடையாள எண்கள் அவை. நம் மக்கள் நாளும் உண்பன. ஆயின் இன்னவென அறியாதன!

இவற்றின் தீங்கின்மை எங்ஙனம் அளக்கப்பெறுகின்றது? உலக நலவாழ்வு அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டாக அமைத்த வல்லுநர் குழு 1956 முதல் இப்பணி ஆற்றிவருகின்றது. ஆய்வு விலங்குகட்குத் தீங்கு தோன்றாத மிகுதி அளவைக் கண்டு, அதனைப் பொதுவாக 100-ஆல் வகுப்பர். விலங்கிற்கும் மாந்தர்க்கும் உள்ள வேறுபாட்டிற்குப் பத்து. மாந்தர்க்குள்ளேயே உள்ள வேறுபாட்டிற்குப் பத்து. டார்ட்ரசீனுக்கு 2016-இல் வரையறுத்த அளவு, உடலெடையில் கிலோவிற்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள தந்தைக்கு 600. 20 கிலோ எடையுள்ள மகனுக்கு 200. பொட்டலமோ இருவர்க்கும் ஒன்றே!

இம்முறையை நாம் பழிக்கவில்லை. ஆயினும் இன்றைய தீர்ப்பு என்றும் மாறாத கல்வெட்டன்று. எரித்ரோசின் என்னும் செஞ்சாயம் ஆண் எலிகட்குப் புற்றுநோய் விளைத்தமை கண்டு, அமெரிக்க அரசு 1990-இல் முகப்பூச்சுப் பொருள்களில் அதனை விலக்கியது. உணவிலிருந்து விலக்க ஆணையிட்டதோ 2025 சனவரியில்! பூசக் கூடாதென்றதை மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் உண்ணவிட்டனர்.

2007-இல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு, சில சாயக் கலவைகள் சிறுவரின் அமைதியைக் குலைக்கக்கூடும் என்றது. ஐயம் முற்றும் தீராத நிலையிலும், அறிவித்தலே கடனெனக் கொண்டது ஐரோப்பிய ஒன்றியம். 2010 முதல் ஆறு சாயங்கட்கு உறைமேல் எச்சரிக்கை கட்டாயமாயிற்று. அதுவும் அந்தந்த நாட்டு மக்கட்கு எளிதில் விளங்கும் மொழியில். மேலே கண்ட நான்கும் அவ்வாறனுள் அடங்குவனவே.

இங்கோ நிலை வேறு. உறைமேல் உள்ள செய்திகள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கின்றது இந்திய ஒன்றியச் சட்டநெறி. தமிழைச் சேர்க்கத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. விற்பதற்குத் தமிழில் விளம்பரம்; உள்ளிருப்பதை உரைக்க மட்டும் அயன்மொழி! படிக்கவியலாத எச்சரிக்கை எச்சரிக்கையாகுமா?

தமிழ் மக்களே! தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வோர் உணவுறையிலும் சாயத்தின் பெயரும் அளவும் தமிழில் பொறிக்கப்பெறல் வேண்டும். இது மொழிப்பற்று மட்டுமன்று, குழந்தைகளின் உயிர்க்காப்பு. அந்நாள் வரும்வரை, படிக்கவியலாத பொட்டலத்தை நம் பிள்ளைகள் கையில் கொடாதிருப்போம்!